ஓர்மை போகுதா, பெயர் மட்டும் போகுதா?

வாசகர் கேள்வி, டாக்டர் பதில்

போன இதழில் வயதான காலத்து மறதியைப் பற்றிப் போகிற போக்கில் நாலு வரி எழுதியிருந்தேன். அதற்கு வந்த கடிதங்களை ஆசிரியர் குழு ஒரு பையில் போட்டு அனுப்பிவிட்டது. பாதிக்கு மேல் நம்ம குமரி மாவட்டம்தான். நாகர்கோவிலில் முப்பத்தைந்து வருஷம் நோயாளி பார்த்தவன் என்பதால் ஊர்க்காரர்கள் உரிமையோடு இரண்டு திட்டும் சேர்த்தே எழுதியிருக்கிறார்கள். எனக்கே இப்போது 72 ஆகிறது, ஆகவே இந்தப் பதில்களில் கொஞ்சம் சொந்தக் கதையும் வரும். பெயர் போட வேண்டாம் என்று பலர் கேட்டதால் ஊர் மட்டும் போட்டிருக்கிறேன்.

ஓய்வுபெற்ற ஆசிரியை, வயது 64, தக்கலை: போன வாரம் பஸ் ஸ்டாண்டில் பழைய மாணவன் ஒருவன் "டீச்சர்" என்று வந்து நின்றான். எந்த வகுப்பு, எந்த பெஞ்ச், அவன் அப்பாவுக்கு என்ன வேலை எல்லாம் ஞாபகம் வந்தது, பெயர் மட்டும் வரவில்லை. வீட்டுக்கு வந்து கால் கழுவும்போதுதான் வந்தது. அடுக்களைக்குப் போனால் எதற்கு வந்தேன் என்று நிற்கிறேன். என் அம்மை கடைசிக் காலத்தில் என்னையே அடையாளம் தெரியாமல் இருந்தாள். எனக்கும் ஆரம்பித்துவிட்டதா?

டீச்சர், கால் கழுவும்போது பெயர் வந்தது என்று எழுதியிருக்கிறீர்களே, பாதி பதில் அதிலேயே இருக்கிறது. அழிந்துபோனது என்றால் கால் கழுவினாலும் வராது, குளித்தாலும் வராது. உள்ளே இருக்கிறது, எடுத்துத் தருவதற்கு நேரமாகிறது, அவ்வளவுதான். அதிலும் பெயர்தான் முதலில் தாமதமாகும். பெஞ்சையும் வகுப்பையும் அவன் அப்பாவின் தொழிலையும் பிடித்து இழுக்க மூளையில் நிறையக் கயிறு உண்டு. பெயருக்கு அப்படி ஒன்றும் கிடையாது, அது வெறும் ஒரு சத்தம். பழைய நோயாளிகள் வழியில் பார்த்து வணக்கம் சொன்னால் எனக்கு அவர்களுடைய சர்க்கரை அளவு ஓர்மை, அதாவது ஞாபகம், வருகிறது, பெயர் வருவதில்லை.

மூளைக்குள் மாற்றம் எதுவும் இல்லை என்று பொய் சொல்ல மாட்டேன். ஏறக்குறைய 1,300, 1,400 கிராம் இருக்கிற மூளை, 40 வயதுக்கு மேல் பத்து வருஷத்துக்குச் சுமார் 5 சதவீதம் என்ற கணக்கில் சுருங்குகிறது, 70 தாண்டினால் இன்னும் கொஞ்சம் வேகமாக. முன்பெல்லாம் நரம்பணுக்கள் தினமும் கொத்துக்கொத்தாகச் சாகின்றன என்றுதான் எங்களுக்குச் சொல்லிக் கொடுத்தார்கள். அது தப்பு. நோய் இல்லாத முதுமையில் அந்தச் சுமார் 8,600 கோடி அணுக்களில் பெரும்பாலானவை அப்படியேதான் இருக்கின்றன. அவற்றுக்கு இடையிலுள்ள இணைப்புகள்தான் குறைகின்றன, இணைப்புக் கம்பிகளின் மேலுறையும் தேய்கிறது, அதனால் செய்தி போய்ச்சேரும் வேகம் குறைகிறது. இந்த வேகக் குறைவு முப்பதுகளிலேயே தொடங்கிவிடுகிறது, நாம் கவனிப்பது அறுபதில்.

ஆனால் எல்லாமே சேர்ந்து இறங்குவதில்லை. புதுச் சிக்கலை அப்போதைக்கப்போதே அவிழ்க்கும் திறமை ஒன்று, வருஷக்கணக்கில் சேர்த்துவைத்த அறிவு இன்னொன்று என்று ரேமண்ட் கேட்டல் என்ற உளவியலாளர் பிரித்துக் காட்டினார். முதலாவது இளமையிலேயே உச்சம் தொட்டு இறங்குகிறது. இரண்டாவது, அதாவது சொல்வளம், உலக அனுபவம் மாதிரியானவை, அறுபது தாண்டியும் நிற்கிறது, பலருக்கு வளரவும் செய்கிறது. குறுக்கெழுத்தில் உங்கள் மகள் உங்களிடம் தோற்பாள், புது செல்போனைப் பழகுவதில் நீங்கள் அவளிடம் தோற்பீர்கள்.

அடுக்களை விஷயம் மறதியே அல்ல, கவனம். அடுப்பில் பால், காதில் மகளின் போன், மனதில் கரண்ட் பில் என்று மூன்றை ஒன்றாகப் பிடித்து நிறுத்துவது மூளையின் முன்பகுதியின் வேலை. வயதாக ஆக அதிகம் சுருங்கும் இடங்களில் அதுவும் ஒன்று. ஒரு நேரத்தில் ஒரு வேலை என்று வைத்துக்கொள்ளுங்கள், பாதி சரியாகும்.

எப்போது பயப்பட வேண்டும்? தேங்காய் துருவியை எங்கே வைத்தோம் என்று தேடுவது வயசு. கையில் வைத்துக்கொண்டே இதை என்ன செய்வது என்று நிற்பது நோய். மாணவன் பெயர் மறப்பது வயசு, அப்படி ஒரு பள்ளியில் வேலை பார்த்ததே மறப்பது நோய். தினமும் போய் வந்த வழி புரியாமல் போவது, கேட்ட கேள்வியையே கேட்டோம் என்று தெரியாமல் மறுபடி மறுபடி கேட்பது, இத்தனை வருஷம் பார்த்த வீட்டுக் கணக்கு குழம்புவது, சாதுவானவர் திடீரென்று சந்தேகக்காரர் ஆவது, இவை வந்தால் உடனே காட்ட வேண்டும். இன்னொன்று, டிமென்ஷியா என்ற மறதி நோய் வந்தவர்களில் பலர் தானாக வந்து புகார் சொல்வதில்லை, வீட்டுக்காரர்கள்தான் இழுத்து வருவார்கள். அம்மைக்கு இருந்ததால் உங்களுக்கு வாய்ப்பு கொஞ்சம் கூடும், அது மறுக்க முடியாது, ஆனாலும் எழுதி வைத்த விதி அல்ல. நம் நாட்டில் 60 வயது தாண்டியவர்களில் 7.4 சதவீதம் பேருக்கு, அதாவது சுமார் 88 லட்சம் பேருக்கு, டிமென்ஷியா இருக்கலாம் என்று 2023-ல் வந்த ஒரு பெரிய ஆய்வு கணக்கிட்டது. பெரிய எண்ணிக்கைதான், ஆனால் மீதிப் பேரையும் எண்ணிப் பாருங்கள்.

மீனவரின் மகள், முட்டம்: அப்பாவுக்கு 76. ஜி.பி.எஸ். இல்லாமலே கடலுக்குள் எந்தப் பார் (கடலடிப் பாறைத்திட்டு) எங்கே இருக்கிறது என்று இன்றைக்கும் சொல்லுவார், தம்பி போய்ப் பார்த்தால் சரியாக இருக்கும். ஆனால் காலையில் பிரஷர் மாத்திரை போட்டாரா என்று கேட்டால் தெரியாது. சில நாள் இரண்டு தடவை போடுகிறார். அதெப்படி?

இந்தக் கடிதத்தை மூன்று தடவை படித்தேன், அவ்வளவு பிடித்திருந்தது. கரையில் தெரியும் மலை உச்சியையும் தேவாலயக் கோபுரத்தையும் ஒன்றுக்கு நேராக ஒன்று பிடித்து, பக்கவாட்டில் இன்னொரு அடையாளம் வைத்து, தண்ணீருக்கடியில் கண்ணுக்குத் தெரியாத பாரை அவர் ஐம்பது வருஷமாகத் தேடிப் போயிருக்கிறார். இடத்தை நினைவில் வைப்பதற்கு மூளையில் ஹிப்போகேம்பஸ் என்று ஒரு பகுதி இருக்கிறது. லண்டனில் டாக்சி ஓட்ட உரிமம் வேண்டுமென்றால் சுமார் 25,000 தெருக்களை மனப்பாடம் செய்ய வேண்டும். 2000-ம் ஆண்டில் எலினார் மக்வயர் என்ற மூளை ஆய்வாளரின் குழு அந்த ஓட்டுநர்களின் மூளையை ஸ்கேன் செய்தபோது ஹிப்போகேம்பஸின் பின்பக்கம் மற்றவர்களைவிடப் பெரிதாக இருந்தது. படிக்கத் தொடங்குகிறவர்களைச் சில வருஷம் பின்தொடர்ந்தும் பார்த்தார்கள், தேர்வில் ஜெயித்தவர்களுக்கு அந்தப் பகுதி வளர்ந்திருந்தது. முட்டத்துக்காரர்களை இதுவரை யாரும் ஸ்கேன் செய்யக் கூப்பிடவில்லை என்பது என் தனிப்பட்ட வருத்தம்.

மாத்திரை அப்படியல்ல. தினமும் ஒரே மாதிரி செய்கிற வேலை, இன்றைக்குப் போட்டதும் நேற்றுப் போட்டதும் ஒன்றின்மேல் ஒன்று படிந்து கலந்துவிடும். முப்பது வயதுக்காரருக்கே வீட்டைப் பூட்டினோமா என்று சந்தேகம் வருகிறதே. அப்பாவிடம் "ஓர்மை வைங்க" என்று சத்தம் போடாதீர்கள். ஏழு நாளைக்கு ஏழு அறை உள்ள மாத்திரைப் பெட்டி மருந்துக்கடையில் கிடைக்கும், ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்ததும் நிரப்பி வையுங்கள். அறை காலி என்றால் போட்டாச்சு. பிரஷர் மாத்திரை இரட்டையாக விழுந்தால் தலைசுற்றிக் கீழே விழுவார், அதனால் இதை நாளைக்கு என்று தள்ளாதீர்கள்.

மகன், வளைகுடாவில் வேலை, சொந்த ஊர் குலசேகரம்: அப்பாவுக்கு 78. பத்து நாள் முன்புவரை தோட்டத்துக்குப் போய் ரப்பர் பால் வெட்டு பார்த்து வந்தவர். நாலு நாளாக ராத்திரி இல்லாத ஆளோடு பேசுகிறார், பகலில் தூங்கி வழிகிறார். சொந்தக்காரர்கள் வயசானா அப்படித்தான் என்கிறார்கள்.

இந்தக் கடிதத்துக்கு இதழ் வரும்வரை காத்திருக்கவில்லை, பார்த்த அன்றே இவரைப் போனில் பிடித்துப் பேசிவிட்டேன். மற்றவர்களுக்காக எழுதுகிறேன். டிமென்ஷியா மாதக்கணக்கில், வருஷக்கணக்கில் மெல்ல வரும். நாலு நாளில் வருவது அதுவல்ல. அதற்கு டெலிரியம் என்று பெயர், காரணம் பெரும்பாலும் மூளைக்கு வெளியே இருக்கும். மூத்திரத்தில் கிருமி, நெஞ்சுச் சளி, மலச்சிக்கல், தண்ணீர் குறைவது, ரத்தத்தில் உப்பு குறைவது, கடையில் கேட்டு வாங்கிய தூக்க மாத்திரை, சாதாரண சளி மாத்திரைகூட. வயதான மூளைக்குக் கையிருப்பு குறைவு, உடம்பில் எங்கே அடி விழுந்தாலும் முதலில் தடுமாறுவது அதுதான். காய்ச்சல்கூட இருக்காது, குழப்பம் மட்டும் இருக்கும். கீழே விழுந்து தலையில் லேசாக இடித்து, இரண்டு மூன்று வாரம் கழித்துக் குழப்பம் வந்தால் அது மண்டைக்குள் ரத்தக்கசிவாகவும் இருக்கலாம்.

இவருடைய அப்பாவுக்கு ரத்தத்தில் சோடியம், அதாவது நான் சொன்ன அந்த உப்பு, 118. இருக்க வேண்டியது 135-க்கு மேல். பிரஷருக்காகக் கொடுத்த நீர் பிரியும் மாத்திரை செய்த வேலை. மாத்திரையை மாற்றி, மெல்ல மெல்லச் சோடியத்தை ஏற்றினார்கள், ஒரு வாரத்தில் ஆள் தெளிந்து வெட்டுகாரரிடம் கணக்குக் கேட்டாராம். 'வயசானா அப்படித்தான்' என்று வீட்டிலேயே வைத்திருந்தால் வலிப்பு வந்திருக்கும். என் அனுபவத்தில் இந்த ஒரு வாக்கியம் கெடுத்த அளவுக்கு எந்தக் கிருமியும் கெடுத்ததில்லை. நல்லா இருக்கிறவரை அது பயமுறுத்துகிறது, உண்மையில் சுகமில்லாதவரை ஆஸ்பத்திரிக்குப் போகவிடாமல் தடுக்கிறது.

வாசகர், மார்த்தாண்டம்: ஞாபக சக்திக்கு மாத்திரை, வல்லாரை லேகியம் எல்லாம் பலன் தருமா?

ஜிங்கோ என்ற இலைச்சாற்றை 75 வயதும் அதற்கு மேலும் உள்ள மூவாயிரம் பேருக்கு மேல் வைத்து வருஷக்கணக்கில் சோதித்து 2008-ல் முடிவு சொன்னார்கள், டிமென்ஷியாவைத் தடுக்கவில்லை. வல்லாரையைத் தேங்காய் வைத்துத் துவையல் அரைத்துச் சாப்பிடுங்கள், நல்ல ருசி. லேகியத்துக்குக் கொடுக்கிற பணத்தில் வைட்டமின் பி12-ம் தைராய்டும் பரிசோதித்துக்கொண்டால் உபயோகம், ஏனென்றால் இந்த இரண்டு குறையும் மறதியாகத் தெரியும், மருந்தில் சரியாகும். சர்க்கரைக்கு மெட்பார்மின் பல வருஷமாகச் சாப்பிடுகிறவர்களும் மீன், இறைச்சி தொடாதவர்களும் பி12-ஐக் கட்டாயம் பாருங்கள்.

எண்பதை நெருங்கும் வாசகர், களியக்காவிளை: எனக்குப் பத்து வயதாக இருந்தபோதுதான் நம்ம ஊர் தமிழ்நாட்டோடு சேர்ந்தது. அதுவரை மலையாளப் பள்ளி, அப்புறம் தமிழ். இன்றைக்கும் காலையில் இரண்டு பத்திரிகையும் படிக்கிறேன், பேச்சில் இரண்டும் கலந்து வரும். பேரன் "தாத்தாவுக்குக் குழப்பம்" என்று கேலி செய்கிறான். இரண்டு மொழி மூளையைக் குழப்புமா?

அண்ணாச்சி, பேரனிடம் இந்தப் பக்கத்தைக் காட்டுங்கள். ஹைதராபாத்தில் டாக்டர் சுவர்ணா அல்லாடி குழுவினர் டிமென்ஷியா வந்த 648 பேரைப் பார்த்தார்கள், 2013-ல் வெளியிட்டார்கள். ஒரே மொழி தெரிந்தவர்களைவிட இரண்டும் அதற்கு மேலும் பேசுகிறவர்களுக்கு நோய் சராசரியாக நாலரை வருஷம் தாமதமாக வந்திருந்தது. படிப்பினால் வந்த வித்தியாசமோ என்று கேட்கலாம், பள்ளிக்கூடமே போகாதவர்களிடமும் அது தெரிந்தது. வேறு நாட்டு ஆய்வுகளில் எல்லாம் இதே முடிவு வந்துவிடவில்லை, அதையும் சொல்லிவிட வேண்டும். அங்கே இரண்டு மொழி பேசுகிறவர்களில் பலர் குடியேறி வந்தவர்கள், அவர்களுடைய வாழ்க்கையே வேறு. ஹைதராபாத் அப்படியல்ல, அங்கே ஒரே தெருவில் தெலுங்கும் உருதும் புழங்குகிறது, களியக்காவிளை சந்தை மாதிரி.

நீங்கள் தமிழில் பேசும்போது உள்ளே மலையாளம் சும்மா இருப்பதில்லை, வாய்வரை வந்து நிற்கிறது. அதை ஒதுக்கி இதை எடுப்பது மூளைக்கு நாள் முழுக்க ஒரு பயிற்சி. கலந்து பேசுவது குழப்பமும் அல்ல. 'ஓர்மை' என்று நம்ம ஊரில் சொல்கிறோமே, சென்னைக்காரர் கேட்டால் அது மலையாளம் என்பார். நாம் அதைத் தமிழாகத்தானே பேசுகிறோம்.

மருமகள், வடசேரி: மாமிக்கு 71. நாம் ஒன்று கேட்டால் வேறொன்று சொல்கிறார். டி.வி. சத்தம் தெருவரை கேட்கிறது. கல்யாண வீட்டுக்கு வரமாட்டேன் என்கிறார். மறதி நோயா?

மகளே, முதலில் காது. மூளையைப் பிறகு பார்ப்போம். பாதி கேட்டால் மீதியை ஊகிக்க வேண்டும், ஊகிப்பதற்கே மூளையின் சக்தி போய்விட்டால் நினைவில் வைக்க என்ன மிஞ்சும்? கல்யாண வீட்டில் நாலு பேர் சேர்ந்து பேசுவது அவருக்கு வெறும் இரைச்சல், அதனால் ஒதுங்குகிறார், ஒதுங்கினால் பேச்சு குறையும், பேச்சு குறைந்தால் மூளை இன்னும் மந்தமாகும். டிமென்ஷியாவைத் தடுக்கவோ தள்ளிப்போடவோ வழியுள்ள 14 காரணங்களை 2024-ல் லான்செட் மருத்துவ இதழின் குழு வரிசைப்படுத்தியது. காது கேளாமை, கண் பார்வைக் குறைவு, ரத்த அழுத்தம், சர்க்கரை, கெட்ட கொழுப்பு, புகை, தனிமை எல்லாம் அதில் உண்டு. இவற்றையெல்லாம் சரி செய்ய முடிந்தால் உலகத்தில் வருகிற டிமென்ஷியாவில் சுமார் 45 சதவீதத்தைத் தவிர்க்கவோ தாமதப்படுத்தவோ முடியும் என்பது அவர்கள் கணக்கு.

காது மெஷின் போட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று சொல்லவில்லை. 2023-ல் வந்த ஒரு சோதனையில் மொத்தமாகப் பார்த்தால் பெரிய வித்தியாசம் இல்லை, ஆனால் ஏற்கெனவே பிரஷர், சர்க்கரை மாதிரி ஆபத்துகள் கூடுதலாக இருந்தவர்களிடம் மூன்று வருஷத்தில் யோசிக்கும் திறன் இறங்கும் வேகம் ஏறக்குறைய பாதியாகக் குறைந்தது. மாமி மெஷின் வேண்டாம் என்றுதான் சொல்லுவார், என் வீட்டிலும் சொன்னார்கள். முதல் இரண்டு மாதம் கரண்டி விழுகிற சத்தம்கூட இடிமாதிரி கேட்கும், அதைத் தாண்டிவிட்டால் பழகிவிடும். அதுவரை முகத்தைப் பார்த்து, மெதுவாக, டி.வி.யை நிறுத்திவிட்டுப் பேசுங்கள். கத்த வேண்டாம்.

ஓய்வுபெற்ற அரசு ஊழியர், 69, ஆரல்வாய்மொழி: போலீஸ் என்று வீடியோ காலில் வந்தவன் டிஜிட்டல் கைது என்று மிரட்டி என் சேமிப்பில் பாதியை வாங்கிவிட்டான். பிள்ளைகள் "அப்பாவுக்கு மூளை போய்விட்டது, இனி வங்கிக் கணக்கை நாங்கள் பார்க்கிறோம்" என்கிறார்கள். அப்படியா?

அப்படியில்லை. இதில் முப்பது வயது கம்ப்யூட்டர்காரர்களும் மாட்டுகிறார்கள். ஆனால் உங்கள் வயதில் ஒரு தனிச் சிக்கல் உண்டு. சொல்கிறவன் பொய்யன் என்று கண்டுபிடிக்கும் புத்தி உங்களிடம் நிறையவே இருக்கிறது, அது வேலை செய்யக் கொஞ்சம் நேரம் வேண்டும், அந்த நேரத்தைத்தான் அவன் கொடுப்பதில்லை. "லைனை வைக்காதே, யாரிடமும் சொல்லாதே" என்று அவன் சொல்வது அதற்காகத்தான். அரை மணி நேரமும் ஒரு சாயாவும் கிடைத்திருந்தால் நீங்களே சிரித்திருப்பீர்கள். டிஜிட்டல் கைது என்று சட்டத்தில் ஒன்று கிடையாது. இப்படி நடந்தால் தாமதிக்காமல் சைபர் மோசடிப் புகாருக்கான 1930 என்ற எண்ணுக்குப் போன் செய்யுங்கள், சீக்கிரம் சொன்னால் பணத்தை வழியில் நிறுத்த வாய்ப்பு உண்டு. பிள்ளைகளோடு ஓர் ஒப்பந்தம் போடுங்கள்: ஒரு தொகைக்கு மேல் அனுப்புவதென்றால் ஒரு ராத்திரி கழித்துத்தான், அவர்களில் ஒருவரிடம் சொல்லிவிட்டுத்தான். கணக்கு உங்கள் பெயரிலேயே இருக்கட்டும். ஆனால் மாதாந்திரப் பில்லே கட்ட மறக்கிறீர்கள், கூட்டல் கழித்தல் தடுமாறுகிறது என்றால் அதை மறைக்காமல் ஒரு டாக்டரிடம் சொல்லுங்கள்.

ஒன்பதாம் வகுப்பு மாணவி, திருவட்டாறு: டாக்டர் தாத்தா, எங்க பாட்டா மாத்தூர் தொட்டிப்பாலம் கட்டும்போது மண் சுமந்த கதையையே சொல்லிட்டு இருக்காங்க. ஐம்பது தடவை கேட்டாச்சு. நேற்று என்ன கறி என்றால் தெரியாது. ஏன்?

மக்களே, தொட்டிப்பாலம் கட்டி முடித்தது 1966-ல். பாட்டாவுக்கு அப்போது பதினெட்டு இருபது இருக்கும், சரிதானா? எந்த ஊர் மனிதரிடம் வாழ்க்கைக் கதை கேட்டாலும் பத்து வயதிலிருந்து முப்பது வயதுவரை நடந்ததுதான் அதிகமாக வரும். முதல் வேலை, முதல் கூலி, முதல் பயம் எல்லாம் அந்தக் காலத்தில் நடப்பதால் ஆழமாகப் பதிகிறது, அப்புறம் ஒவ்வொரு தடவை சொல்லும்போதும் இன்னும் ஆழமாகிறது. நேற்றைய மீன்கறி முந்தாநாள் மீன்கறி மாதிரியேதான் இருந்திருக்கும், பாவம், மூளை எதைத்தான் பிடித்து வைக்கும்? ஒன்று மட்டும் கவனி. சொல்லி முடித்துப் பத்து நிமிஷத்துக்குள், சொன்னதே தெரியாமல் மறுபடி முதலிலிருந்து தொடங்கினால் அம்மாவிடம் சொல்லு.

மற்றபடி, ஐம்பத்தோராவது தடவை சொல்லும்போது நடுவில் புகுந்து அவர் இதுவரை சொல்லாததைக் கேள். 115 அடி உயரத்துக்குச் சாந்து எப்படிப் போனது, கூலி யார் கையில் கொடுத்தார்கள், யாராவது விழுந்தார்களா, மத்தியானம் கஞ்சியா மரச்சீனிக் கிழங்கா. கேட்டு எனக்கும் எழுது. அந்தப் பாலத்தில் எத்தனையோ தடவை நடந்திருக்கிறேன், கட்டினவர்கள் என்ன சாப்பிட்டார்கள் என்று எனக்கும் தெரியாது.